நலம் விசாரிக்கும் வேலை

காலை எட்டரை மணிக்குள் சி பிளாக்கை முடித்துவிடுவேன். அதற்கு மேல் போனால் மாடிப்படிக் கைப்பிடியைத் தொட முடியாது, பொசுக்கிவிடும். பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்தை யாரும் பார்த்ததில்லை. அந்த மணல் ஓரமாக வரிசைகட்டி நிற்கும் பன்னிரண்டு அடுக்ககங்கள்தான் முப்பத்தோராவது வார்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கதவாகத் தட்டி, "வணக்கம், அரசாங்கம் உங்கள் நலம் விசாரிக்கிறது" என்று சொல்ல வேண்டும். என் அடையாள அட்டையிலும் நலம் விசாரிப்பாளர் என்றுதான் போட்டிருக்கிறது. பெயர் ஆதிரை, வயது முப்பத்தெட்டு. இந்த வேலையில் பத்து வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

கேட்பது மூன்றே கேள்வி. வாழ்க்கை எப்படிப் போகிறது? குளிர்நேரம் போதுமா? வரும் தேர்தலில் ஓட்டுப் போடுவீர்களா? பதிலை எவனும் படிப்பதில்லை. என் கழுத்தில் சட்டைப் பித்தான் அளவில் ஒரு முகமானி தொங்கும். பதில் சொல்கிறவரின் முகத்தில் எந்தச் சதை இழுக்கிறது, குரல் எங்கே தடுக்கிறது என்று அது பார்க்கும். பார்த்து, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணை என் மணிக்கட்டுத் திரைக்கு அனுப்பும். அதற்கு வெறுப்பெண் என்று பெயர். ஆட்சியில் இருப்பவர்கள் மேல் அந்த வீட்டுக்கு எவ்வளவு வெறுப்பு என்பதைக் காட்டும் எண்.

குளிர்நேரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் கோடை ஒன்பது மாதம். சித்திரையில் நாற்பத்தொன்பது டிகிரி சாதாரணம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அரசாங்கம் ஒரு குளிரியை மாட்டிக் கொடுத்திருக்கிறது. அதற்கு வீட்டில் சுவிட்ச் கிடையாது, எங்கள் துறைதான் போடும், துறைதான் நிறுத்தும். சொந்தமாக ஏசி வாங்கி மாட்டினால் இந்தக் கட்டிடத்தின் ஒயர் தாங்காது. ஆரம்பத்தில் எல்லா வீட்டுக்கும் நாளுக்குப் பத்து மணி நேரம் குளிர்காற்று வந்தது. பிறகு சீரமைப்பு என்று ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தார்கள். சில வீடுகளுக்கு ஆறானது, சில வீடுகளுக்கு நான்கு. ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் ஒருவருக்கு எட்டு, ஒருவருக்கு இரண்டு. ஏன் என்று கேட்டால், கணினி முடிவு செய்கிறது என்பார்கள்.

சி பிளாக் நான்காம் மாடியில் மோனிஷாம்மா வீடு. அறுபத்து நான்கு வயது. கணவர் பிரவீன்குமாருக்கு அறுபத்தெட்டு. அவர் முப்பது வருடம் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர். வெயிலில் வண்டி ஓட்டியே சிறுநீரகம் இரண்டும் சுண்டிப்போயிருந்தன. மதிய நேரத்தில் உடம்புச் சூடு ஏறினால் அவருக்குப் பேச்சு குழறும், வலிப்பு வரும். குளிரி ஓடினால் எழுந்து உட்கார்ந்து செய்தி கேட்பார். அவர் உயிரோடு இருப்பது குளிர்நேரத்தைப் பொறுத்தது என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார்.

நான் கதவைத் தட்டினால் அந்த அம்மாள் முகம் அப்படி மலரும். வெயிலில் வந்தவள் என்று முதலில் தண்ணீர், பிறகு மோர். என் மகளுக்குப் பல் விழுந்ததா, முளைத்ததா என்று விசாரிப்பாள். நலம் விசாரிக்க வந்தவள் நானா அவளா என்றே தெரியாது. அப்புறம் நான் கேள்வியை ஆரம்பிப்பேன்.

"வாழ்க்கை எப்படிம்மா போகுது?"

"எங்களுக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கோம்."

"குளிர்நேரம் போதுமா?"

"இருக்கிறதை வச்சு ஓட்டிக்கிறோம். உனக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டா?"

வீட்டுக்கு வந்தவரிடம் மூக்கைச் சிந்தக் கூடாது என்று வளர்ந்தவள். நலமா என்று கேட்டால் நலம் என்று சொல்லித்தான் பழக்கம். நம் ஊரில் யார்தான் வேறு பதில் சொல்கிறார்கள்? மணிக்கட்டில் இருபத்து நான்கு என்று வரும். அடுத்த வாரமே அவள் வீட்டுக் குளிர்நேரம் பத்திலிருந்து ஆறாகும். அடுத்த முறை ஆறு நான்காகும். இந்தத் தை மாதம் இரண்டாகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று எனக்கு மூன்றாம் வருடமே தெரியும். எங்கள் கண்காணிப்பாளர் ரித்விக் சார் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். ஏதோ சமையல் குறிப்பு சொல்வது மாதிரி சாவகாசமாகச் சொன்னார்.

"நாப்பதுக்குக் கீழ இருந்தா அது உறுதி வீடு. வெட்டினாலும் நமக்குத்தான் போடுவான், இல்ல எங்கயும் போகாம வீட்லயே கிடப்பான். ரெண்டும் நமக்கு நல்லதுதான். எம்பதுக்கு மேல போயிட்டா கைகழுவின வீடு. என்ன குடுத்தாலும் நமக்குப் போடமாட்டான், அவனுக்கு எதுக்குக் குடுக்கணும்? நடுவுல இருக்கிறதுதான் ஊசல் வீடு. காத்து அங்கதான் போகணும்."

"உறுதி வீட்ல நோயாளி இருந்தா சார்?"

"நோயாளிக்கும் ஒரு ஓட்டுதானே ஆதிரை."

அதைக் கேட்ட பிறகும் வேலையை விடவில்லை. ஊழியர் குடியிருப்பில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் குளிர்காற்று. என் மகள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

விதியை யாரும் வெளியே சொல்லவில்லை, ஆனால் வார்டு மோப்பம் பிடித்துவிட்டது. எஃப் பிளாக்கில் சஞ்சனா என்கிற பெண் இரண்டு தெருப் பெண்களைக் கூட்டிவைத்து முகம் தூக்கி வைத்துக்கொள்ளப் பயிற்சியே கொடுத்தாள். ரொம்பக் கத்தாதே, சிரிக்கவும் சிரிக்காதே, பாதி கோபம், பாதி ஆசை, 'பார்க்கலாம்' என்று இழுத்துச் சொல். அவள் வீட்டில் பத்து மணி நேரமும் குளிரி ஓடியது. டி பிளாக் ஆட்கள் இதெல்லாம் எங்களால் முடியாது என்று குளிரிகளைக் கழற்றி ரோட்டில் போட்டு உடைத்தார்கள். ஒரே நாளில் பிளாக் முழுக்கக் கைகழுவப்பட்டது. அந்த ஆடியில் அங்கே ஏழு பேர் செத்தார்கள். எஃப் பிளாக்காரர்கள் அதற்கு வருத்தப்படவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அல்லவா என்றார்கள். டி பிளாக்காரர்கள் எஃப் பிளாக்கைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். துறையை மட்டும் யாரும் திட்டவில்லை.

இருபது நாளைக்கு முன்பு, பதிவு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகமானியைக் கழற்றி வைத்துவிட்டு மோனிஷாம்மா வீட்டுக்குப் போனேன். பிரவீன் ஐயா ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. தேர்தலுக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குமுன் இன்னும் ஒரே ஒரு பதிவுதான் பாக்கி. அதிலும் இருபத்து நான்கு வந்தால் இருக்கிற இரண்டு மணி நேரமும் போய்விடும்.

"மோனிஷாம்மா, வியாழக்கிழமை நான் வரும்போது என்னைத் திட்டுங்க" என்றேன்.

"உன்னையா? எதுக்குடி கண்ணு?"

விதி முழுவதையும் சொன்னேன். சொன்னது தெரிந்தால் என் வேலை போய்விடும். அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்து, "அப்போ நான் உனக்கு மோர் குடுத்ததுதான் தப்பா?" என்றாள்.

"எங்க, இப்ப ஒரு தடவை திட்டிப் பாருங்க" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்தாள்.

"ஏம்மா ஆதிரை, நீயெல்லாம் ஒரு... ஒரு..."

"ம், சொல்லுங்க."

"காலையில சாப்ட்டியா நீ? முகமே வாடிக் கிடக்கு."

கட்டிலிலிருந்து பிரவீன் ஐயா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "நாப்பது வருஷமா என்னையே திட்ட வராது இவளுக்கு. உன்னைத் திட்டிருவாளா? போம்மா, வேற வேலை இருந்தா பாரு" என்றார்.

எத்தனை முறை முயன்றாலும் நடக்கவில்லை. வார்த்தையை மனப்பாடம் செய்தாள், ஆனால் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும். முகமானி பார்ப்பது அதைத்தான். நடிக்க வராதவர்களுக்கு இந்த ஆட்சியில் காற்று கிடையாது. சஞ்சனாவிடம் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். நான்கு மாடி இறங்கி, அந்த வெயிலில் எஃப் பிளாக் வரைக்கும், ஐயாவைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவாள்?

அதனால் நான் வேறு முடிவு செய்தேன். நான்தான் புத்திசாலியாயிற்றே. பத்து வருடமாக முகங்களைப் பார்க்கிறவள், யாரை எங்கே தொட்டால் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு அறுபதுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், ஊசல் வீடாகிவிடும், பத்து மணி நேரம் வரும்.

வியாழக்கிழமை கதவு திறந்தது. தண்ணீர்ச் செம்போடு நின்றாள். நான் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். கட்டில் பக்கத்தில் போய் நின்று, அவரைப் பார்க்காமல், அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"வாழ்க்கை எப்படிப் போகுது?"

"நல்லாத்..."

"என்ன நல்லா? இந்தக் கிழம் இருந்து இனிமே என்ன கிழிக்கப்போவுது? இதுக்குக் குடுக்கிற காத்தை உபயோகமா இருக்கிற ஆளுக்குக் குடுத்தா அரசாங்கத்துக்காவது லாபம். எதுக்கு இதைப் போட்டுப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க?"

செம்பு கீழே விழுந்தது. நான் திட்டப்போகிறேன் என்று அவளிடம் முன்னாலேயே சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் நடிப்பு தெரியும். அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை இந்தப் பத்து வருடத்தில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

கட்டிலில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார். "விடு மோனி. பொண்ணு சரியாத்தான் சொல்லுது."

அவர் அப்படிச் சொன்னதும் மணிக்கட்டு அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். தொண்ணூற்று மூன்று.

அறுபதில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேனே. மனுஷியின் மனதை வானொலிப் பெட்டிக் குமிழ் என்று நினைத்துவிட்டேன். எண் வந்த நொடியிலேயே துறைக்குப் போய்விடும், திரும்பப் பெற முடியாது. சுவரில் குளிரியின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. எண்பதைத் தாண்டினால் அடுத்த வாரம் வரை காத்திருப்பதில்லை. கைகழுவின வீடு.

"அம்மா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். நான் வெளியே வந்தேன், கதவு மூடியது. அந்த வீட்டுக் கதவு என் முகத்துக்கு நேரே மூடியது அதுதான் முதல் தடவை.

நேரே ரித்விக் சாரிடம் ஓடினேன். "சி பிளாக் பதிவு ஒண்ணு தப்பு சார், அழிச்சிருங்க" என்றேன். அவர் திரையைப் பார்த்தார்.

"இருபத்து நாலுல இருந்து தொண்ணூத்து மூணா? என்ன நடந்துச்சு ஆதிரை?"

நான்தான் தூண்டிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் பதிவை அழித்திருப்பார். கூடவே என் வேலையையும் அழித்திருப்பார். வாயைத் திறந்தேன். என் மகள் போர்வையோடு தூங்குகிற அறை கண்முன் வந்து நின்றது. "தெரியல சார், அந்தம்மா திடீர்னு மாறிட்டாங்க" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். சீ, இதை எழுதும்போதுகூட நாக்கு கசக்கிறது.

"மாறிட்டாங்கன்னா மாறிட்டாங்கதான்" என்றார் அவர். "கோவத்தைப் பத்தி நமக்குக் கவலையே இல்லம்மா. வெட்டினா ஜனங்க கோவப்படுவாங்கன்னு எல்லா ஆட்சியும் பயந்துச்சு. நாமதான் அளந்து பாத்தோம். கோவப்படறவன்ல பாதிப் பேர் ஓட்டுப் போடவே வர்றதில்ல. வெறுத்துப்போய் வீட்ல உக்காந்துடறான். தெம்பு இருக்கிறவன் மட்டும்தான் வரிசையில நிப்பான். தெம்பு எங்க இருக்குன்னா, காத்து இருக்கிற வீட்லதான் இருக்கு."

அன்று சாயங்காலம் மறுபடி நான்காம் மாடி ஏறினேன். கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன். "ஐயாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்மா. எங்க வீட்ல பன்னிரண்டு மணி நேரம் ஓடும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்." உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"உபயோகமில்லாத ஆளும்மா அவரு. உங்க வீட்டுக் காத்து வீணாப் போயிடும்."

திட்டத் தெரியாதவள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவள் நான். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

பதினோராம் நாள் மதியம் பிரவீன் ஐயா போய்விட்டார். செய்தி அக்கம்பக்கத்தார் சொல்லி எனக்கு வரவில்லை. மணிக்கட்டுத் திரையில்தான் வந்தது. 'துக்க வீடு, சி-4-7, சிறப்புப் பதிவு தேவை.' தேர்தல் சமயத்தில் சாவு விழுந்த வீட்டை மறுபடி அளக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. துக்கத்தில் மனிதர்கள் இளகுவார்களாம், கைகழுவின வீடும் அப்போது ஊசலுக்குத் திரும்புமாம். துக்கத்துக்கு வருகிற சொந்தக்காரர்களும் நாற்பது ஐம்பது ஓட்டு இருப்பார்கள். அதையும் யோசித்திருக்கிறார்கள். என்ன ஒரு மூளை.

நான் போனபோது அறை நிறைய ஆட்கள். வேர்வை நாற்றத்தில் மூச்சு விட முடியவில்லை. பெண்கள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். மகள் ஷ்ரேயா ஓசூரிலிருந்து வர வேண்டும். பகலில் தண்டவாளம் நெளியும் என்று ரயில் விடுவதில்லை, மறுநாள் காலையில்தான் வந்து சேருவாள். அதுவரைக்கும் இந்தச் சூட்டில் உடம்பு தாங்குமா என்று ஆண்கள் வாசலில் கிசுகிசுத்தார்கள்.

அப்போது நான்கு பேர் படியேறி வந்தார்கள். கட்சிக் கரை வேட்டி. தோளில் ஒரு ஃப்ரீசர் பெட்டி. புத்தம் புதியது. பக்கவாட்டில் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'இறுதி மரியாதைத் திட்டம், இருபத்து நான்கு மணி நேரத் தடையற்ற குளிர்' என்று எழுதியிருந்தது. பெட்டியோடு தனி மின்கலமும் வந்திருந்தது.

மோனிஷாம்மா அதைப் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போயிருங்கப்பா" என்றாள், சாதாரணமாக.

வந்தவர்களில் பெரியவர் பணிவாகச் சொன்னார். "அம்மா, உங்க பொண்ணு வர வரைக்கும் வைக்கணும்ல. இது இல்லாட்டி முகம் பார்க்க முடியாதும்மா. ஃப்ரீதான், ஒண்ணும் கையெழுத்துக்கூட வேண்டாம்."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த வெயிலில் அதற்குள்ளேயே அது மாறத் தொடங்கியிருந்தது. மகள் வந்து பார்க்க வேண்டிய முகம். சரி என்று தலையை அசைத்தாள். அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கண்ணாடிமேல் பனி படர்ந்தது. அவள் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"எவ்ளோ சில்லுனு இருக்கு" என்றாள் யாரிடமோ. "ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. அதையும் நிறுத்தினாங்க. இப்ப நாள் பூரா."

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். கேள்வி எதையும் கேட்கவில்லை, முகமானிக்கு அவள் முகமே போதும். அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. வெறுப்புக்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும், அவளிடம் அது தீர்ந்துபோயிருந்தது. மணிக்கட்டு மெல்ல அதிர்ந்தது. ஐம்பத்தெட்டு. கீழே ஒரு வரி: 'வீடு மீட்கப்பட்டது. குளிர்நேரம் பத்து. உடனடி அமல்.'

சுவரில் இருந்த குளிரி ஒரு முறை குலுங்கியது. சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. குளிர்காற்று அறை முழுக்க இறங்கியது. விசிறிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ "அப்பாடா" என்றார்கள். வாசலில் நின்ற ஆண்கள் உள்ளே வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கரை வேட்டிக்காரர் குளிரியை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மோனிஷாம்மா எழுந்தாள். யார் மீதும் இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, வெளியே வெயில் நேராக விழும் திறந்த தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒருவரும் அவள் பின்னால் எழுந்து போகவில்லை. யாராவது போய்க் கூட்டிவாருங்கள் என்று உள்ளே இருந்தபடியே ஒருத்தி சொன்னாள்.

நான் போயிருக்க வேண்டும். காலையிலிருந்து வெயிலில் அலைந்து முதுகெல்லாம் நனைந்திருந்தது. கொஞ்சம் நகர்ந்து, காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்தேன்.